பிரான்சுப் பூட்டு

முதலியார்பேட்டை
4 ஜூன் 1981

அண்ணனுக்கு,

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா இதைத் தபால் பெட்டியில் போடுவார். பதிலை அவர் பெயருக்கே எழுது. என் பெயருக்கு வேண்டாம்.

என் கல்யாணத்தன்று நீ என் வீட்டுக்காரருக்கு ஒரு பூட்டுக் கொடுத்தாய். மிக்கேல் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த இரண்டில் ஒன்று. எல்லார் முன்னாலும் சொன்னாய்: "சாவி இல்லாம என்னாலயே தெறக்க முடியாத பூட்டு மச்சான் இது." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அந்தப் பூட்டு இப்போது எங்கள் கிரில் கதவின் வெளிப்பக்கம் தொங்குகிறது. நான் உட்பக்கம் இருக்கிறேன். காலை ஏழரைக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு வெல்டிங் வேலைக்குப் போகும்போது பூட்டுகிறார். மாலை ஆறரைக்கு வந்து திறக்கிறார். டைப்ரைட்டிங் வகுப்பில் சேரட்டுமா என்று நான் கேட்டது பிப்ரவரியில். மறுநாளிலிருந்து இப்படி. பின்பக்கம் சுவர்தான், கதவு கிடையாது.

இதுவரை எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது ஆறாம் மாதம். போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இரத்தம் பட்டது. சத்தம் போட்டேன். சின்னப்பொண்ணு அக்கா கீரைக்கூடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறி மேட்டுப்பாளையம் போனார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாட்ச்மேன் உள்ளே ஆள் அனுப்பவில்லை. என் வீட்டுக்காரர் வந்து திறந்தபோது மணி இரண்டு. அதற்குள் இரத்தம் நின்றுவிட்டது.

"இதுக்கா கூப்ட்டு அனுப்புன?" என்றார்.

அன்று நின்றது. பிரசவ வலி அப்படி நிற்காது.

ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அப்பா அம்மா இல்லாத எனக்கு நீதான் தாய்வீடு. அவரே சொல்கிறார்: "உங்கண்ணன் வரட்டும். முறையா கூப்புடட்டும். அனுப்பி வெக்கிறேன்."

வா.

லூர்துசெல்வி


பம்பாய்
11 ஜூன் 1981

செல்வி,

மூன்று முறை படித்தேன். நான்காம் முறை முடியவில்லை.

லீவு கேட்டிருக்கிறேன். டிராயிங் ஆபீசில் இருவர் ஏற்கெனவே லீவில். அழைத்துவந்தாலும் எங்கே? அறையில் எட்டுப் பேர். எனக்கென்று ஒரு பாய், சட்டை மாட்ட ஓர் ஆணி. இதை உன்னிடம் மறைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் செய்யலாம் என்று தோன்றுகிறது. மாமாவின் இரண்டாவது பூட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தையில் பூட்டுகள் வாங்கி, சாவியில்லாமல் திறந்து பார்க்கும் என் பைத்தியம் உனக்குத் தெரியும். இதுவரை நாற்பது திறந்திருக்கிறேன். மாமாவின் பூட்டு மட்டும் மூன்று வருடமாக என்னைத் தோற்கடிக்கிறது. (என் சாவியை அனுப்பிப் பயனில்லை. இரண்டுக்கும் வெட்டு வேறு.)

இனி தோற்க முடியாது. நான் கற்றுக்கொண்டு உனக்குச் சொல்கிறேன்.

கம்பிகளுக்கு நடுவே உன் கை நுழையுமா? பூட்டின் வாய், சாவித்துளை, எட்டுமா?

சூசை


முதலியார்பேட்டை
19 ஜூன் 1981

அண்ணனுக்கு,

நான் வா என்று எழுதினேன். நீ கை நுழையுமா என்று கேட்கிறாய்.

நுழையும். வளையலைக் கழற்றினால் முழங்கை வரை போகிறது. பூட்டைத் திருப்பி என் பக்கம் வாயை வைத்துக்கொள்ளலாம்.

அவரை மிருகம் என்று நினைத்துவிடாதே. நேற்று சங்கரா மீன் வாங்கி வந்து, அவரே முள் எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல் எனக்கு ஊட்டினார். "ஊர் கெட்டுக் கெடக்குது செல்வி, எனக்கு வேலைல கை ஓட மாட்டேங்குது, நீ வெளிய போயிட்டியோன்னு" என்று சொல்லும்போது கண் கலங்கியது. காலையில் அதே கையால் பூட்டினார். போகும்போது ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மாதா கோயிலில் பாடுகிற ஆள். தெருவில் எல்லாருக்கும் அவர்மேல் மரியாதை. "உம் புருஷன் மாதிரி பொத்திப் பாத்துக்குற ஆம்பள எங்க கெடைக்கும்" என்று எதிர்வீட்டில் சொல்கிறார்கள்.

சரி, சொல். எனக்குப் பகலில் பதினோரு மணி நேரம் இருக்கிறது.

செல்வி


பம்பாய்
27 ஜூன் 1981

செல்வி,

இத்துடன் வரும் ஜெபப் புத்தகத்தின் முதுகுத் தோலைக் கிழி. உள்ளே இரண்டு துண்டுகள். இரும்பறுக்கும் ஆக்சா பிளேடைத் தேய்த்துச் செய்தேன். வளைந்த பட்டை ஒன்று, நுனியில் கொக்கியுள்ள கம்பி ஒன்று.

பூட்டைச் சாவியால் திறந்து, அடித்திருகைக் கழற்றி உள்ளே பார்த்தேன். ஒரு பித்தளை உருளை. அதற்குள் ஐந்து ஜோடி சின்ன முளைகள், சுருள்வில் அழுத்த வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் மேல் முளை, கீழ் முளை. இரண்டும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்குச் சரியாக வந்தால் அந்த ஜோடி வழிவிடும். ஐந்தும் வழிவிட்டால் உருளை சுற்றும். சாவி செய்வது இவ்வளவுதான்.

நீ செய்ய வேண்டியது: பட்டையைச் சாவித்துளையின் ஓரத்தில் செருகி, சாவி திரும்பும் பக்கம் லேசாக அழுத்தம் கொடு. விடாதே. மற்றக் கையால் கொக்கியை உள்ளே விட்டு முளைகளைத் தொட்டுப் பார். ஒன்று மட்டும் இறுகியிருக்கும். அதைத் தூக்கு. மெல்லிய சொடுக்கு கேட்கும். பிறகு அடுத்தது இறுகும்.

சாதாரணப் பூட்டு இதிலேயே திறந்துவிடும். இது திறக்காது. இதன் மேல் முளைகள் நேராக இல்லை. மில்லிலிருந்து அப்பா நாம் விளையாடக் கொண்டுவந்து தருவாரே நூல் சுற்றும் பாபின், அந்த வடிவம். நடுவில் இடுப்பு சிறுத்திருக்கிறது. தூக்கும்போது அந்த இடுப்பு விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. உருளை கொஞ்சம் சுற்றுகிறது. திறந்துவிட்டது என்று மனம் சொல்கிறது. திறப்பதில்லை. அங்கேயே நின்றுவிடுகிறது. திருடனை ஏமாற்றுவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அந்த இடத்தைத் தாண்டி நான் போனதே இல்லை. எவ்வளவு அழுத்தினாலும் நிற்கிறது.

அந்த இடம்வரை நீயும் வந்து சேர். பிறகு யோசிப்போம்.

சூசை


முதலியார்பேட்டை
9 ஜூலை 1981

அண்ணனுக்கு,

ஒரு வாரம். விரலில் இரண்டு கொப்புளம். சுடுகஞ்சி பட்டுவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

முதல் நாலு நாள் எல்லா முளையும் ஒன்றுபோலவே இருந்தது. ஐந்தாம் நாள் ஒன்று வேறாக இருப்பது தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் நன்றாகத் தெரிகிறது.

சின்னப்பொண்ணு அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டே தெருவைப் பார்த்துக்கொள்கிறார். "இன்னா பொண்ணு, பூட்டப் போயி மாடு கறக்கற மாதிரி கறந்துகினு கெடக்கற?" என்றார் நேற்று. "பால் வந்தா எனக்கும் ஒரு செம்பு குடு." நானும் சிரித்துவிட்டேன். பிறகு கேட்டேன், அக்கா, எனக்கு வலி வந்தால் இந்தக் கதவை உடைப்பீர்களா என்று. கையிலிருந்த கீரையைக் கூடையில் போட்டார். "புருஷன் பூட்டுன கதவ நான் தொட்டா நாளைக்கு இந்தத் தெருவுல குடியிருக்க முடியுமாம்மா? நான் தாலியறுத்தவ, வேற சாதி. வேண்டாம்மா. வேற சொல்லு, செய்றேன்" என்றார்.

நான் மறுபடி கேட்கவில்லை.

நீ சொன்ன இடத்துக்கு வந்துவிட்டேன். உருளை கொஞ்சம் சுற்றி நிற்கிறது. முதல் தடவை அது சுற்றியபோது பெருமூச்சுவிட்டு அழுதுவிட்டேன். திறக்கவில்லை.

ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. வளையல் போட யாரும் வரவில்லை. "உங்கண்ணனுக்கு ரயிலு கெடைக்கலியா?" என்று அவர் கேட்டார். கேலிதான். ஆனால் அவர் உண்மையிலேயே காத்திருக்கிறார் என்றும் தோன்றியது. யாராவது வந்து கேட்டால் அவருக்கும் ஒரு வழி கிடைக்கும்.

செல்வி


முதலியார்பேட்டை
15 ஜூலை 1981

அண்ணா,

திறந்துவிட்டது.

நீ எவ்வளவு அழுத்தினாலும் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். தப்பு அதுதான். அங்கே அழுத்தக் கூடாது.

உருளை சுற்றி நின்ற பிறகு ஒவ்வொரு முளையாகத் தொடு. ஒரு முளையைத் தூக்கும்போது பட்டை உன் விரலை எதிர்த்துத் தள்ளும், பின்பக்கமாக. நீ பயந்து இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பாய். நானும் அப்படித்தான் பிடித்தேன். இன்று கை மரத்துப்போய்த் தானாகத் தளர்ந்துவிட்டது. உருளை கொஞ்சம் பின்னால் போனது. போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் முளை இடுப்பு தாண்டி மேலே ஏறிச் சொடுக்கியது. பின்னால் போக விடும்போது முன்னே சேர்ந்தவற்றில் ஒன்றிரண்டு விழும். விழட்டும். மறுபடி தூக்கிக்கொள்ளலாம். மூன்று முளைகளுக்கு இப்படிச் செய்தேன்.

வளையம் துள்ளி மேலே வந்தது. கதவைத் திறந்து தெருவில் நின்றேன். மணி பதினொன்று. வெயில். வேறு ஒருவரும் இல்லை. சின்னப்பொண்ணு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

உள்ளே வந்து, கம்பிக்குள் கைவிட்டு, நானே பூட்டை அமுக்கிப் பூட்டினேன்.

செல்வி


பம்பாய்
22 ஜூலை 1981

செல்வி!

திறந்தது! நீ எழுதியபடியே. வளையம் துள்ளிய சத்தத்தில் அறையில் தூங்கிக்கொண்டிருந்த இருவர் எழுந்துவிட்டார்கள். மூன்று வருடம். என் கைக்குத் தெரியாதது உன் கைக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பத் திரும்பத் திறந்தேன். பன்னிரண்டு முறை. கடைசி முறை நான்கு நிமிடம்.

உனக்கு எத்தனை நிமிடம் ஆகிறது? எந்த வரிசையில் முளைகள் சேர்கின்றன? உன் பூட்டிலும் மூன்றாவதுதான் முதலில் இறுகுகிறதா? எழுது.

இனி பயமில்லை. வலி வந்தால் நீயே திறந்துகொண்டு போய்விடலாம்.

சூசை


முதலியார்பேட்டை
30 ஜூலை 1981

அண்ணனுக்கு,

உன் கடிதத்தில் மூன்று கேள்விகள். எல்லாம் பூட்டைப் பற்றி. திறந்துகொண்டு எங்கே போனேன் என்று ஒன்றுகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டு டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார். "தலை திரும்பலாம், திரும்பாமயும் போகலாம். வலி ஆரம்பிச்ச ஒடனே வந்துடணும். வீட்ல வெச்சுப் பாத்துக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காத. ரெண்டு உசுருக்கும் ஆபத்து" என்றார். அட்டை போட்டுக் கொடுத்தார்கள். சின்னப்பொண்ணு அக்கா வீட்டு அரிசிப் பானையில் இருக்கிறது.

வெளியே வந்து வாசலில் நின்றேன். எந்தப் பக்கமும் போகலாம். ஒரு பக்கமும் இடம் இல்லை. மூலக்குளத்தில் சித்தி வீடு இருக்கிறது. போனால் மாலையே அவரை வரச்சொல்லி ஒப்படைத்துவிடுவார்கள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து என்னையே பூட்டிக்கொண்டேன். அந்தச் சத்தம் மிகச் சின்னது.

இனிமேல் வலி வரும்போது என் கை நடுங்காமல் இருக்குமா என்பது எனக்குத் தெரியாது. வலியில் யாராவது பூட்டுத் திறப்பார்களா? நீ யோசித்தாயா?

எட்டு நிமிடம் ஆகிறது. மூன்றாவது இல்லை, நான்காவது முதலில் இறுகுகிறது. போதுமா?

வா அண்ணா. சீக்கிரம்.

செல்வி


முதலியார்பேட்டை
10 ஆகஸ்டு 1981

கண்டுபிடித்துவிட்டார்.

பூட்டின் வாய் எப்போதும் தெருவைப் பார்த்து இருக்கும். அவர் அப்படித்தான் தொங்கவிடுவார். நான் திறப்பதற்காக என் பக்கம் திருப்பிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டுத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். மாலையில் சாவியை எடுத்தபடி வந்தவர் அப்படியே நின்றார். உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது பூட்டு.

"எவன்டி சாவி குடுத்தான்?"

யாரும் இல்லை என்றேன். அடித்தார். கன்னத்தில், ஒருமுறை. இதுவரை அடித்ததில்லை. பிறகு அவரே சுவரில் தலையை மோதிக்கொண்டார். "பேரச் சொல்லு, ஒண்ணும் செய்யல, பேர மட்டும் சொல்லு." அரிசி மூட்டையைக் கொட்டித் தேடினார். என் தலையணையைக் கிழித்தார். இல்லாத ஒருவனை எப்படிச் சொல்வது? கடைசியில் பிள்ளையைப் பற்றியே ஒரு கேள்வி கேட்டார். அதை எழுத மாட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு வேறு வழி இல்லை. ஜெபப் புத்தகத்தை எடுத்தேன். கதவைப் பூட்டச் சொன்னேன். அவர் வெளியே நின்று பூட்டினார். அவர் கண் முன்னாலேயே கையை வெளியே விட்டேன். அவர் மூச்சு என் விரல்மேல் பட்டது. ஆறு நிமிடம். எப்போதையும்விடச் சீக்கிரம்.

பூட்டு விழுந்ததும் அவர் குனிந்து எடுத்து, கைக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூசை முடியாதுன்னானே" என்றார். குழந்தைபோல் கேட்டார்.

ஒருவனும் வரவில்லை என்பதை நம்பினார். அதற்கு நான் கொடுத்தது இரண்டு ஆக்சா பிளேடுத் துண்டு. ஒடித்துச் சாக்கடையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து தகடு கொண்டுவந்து கதவு முழுக்க வைத்து வெல்டிங் அடித்தார். என்னை எதிரில் உட்காரவைத்து, "கண்ணு கூசும், பாக்காத" என்றார்.

இப்போது கை நுழையாது. வெளிச்சமும் வராது. மேலே ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாகத்தான் இந்தக் கடிதம் போகிறது, அக்கா ஸ்டூல் போட்டு வாங்கிக்கொள்கிறார்.

இனி எனக்குப் பூட்டுப் பற்றி எழுதாதே. ஐந்து வாரம் இருக்கிறது. முறையோடு வா, முறையில்லாமல் வா, குடித்துவிட்டு வா, போலீசோடு வா. வா.


பம்பாய்
17 ஆகஸ்டு 1981

செல்வி,

செப்டம்பர் ஐந்து முதல் லீவு. எழுத்தில் வாங்கிவிட்டேன். ஏழாம் தேதி அங்கே இருப்பேன். டாக்டர் சொன்ன நாளுக்கு ஒரு வாரம் முன்னால்.

ஏன் உடனே வரவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

தேவதாஸை உனக்குப் பேசி முடித்தது நான். ஐ.டி.ஐ.யில் என் ஒரே நண்பன். படிப்பின் கடைசி வருடம் அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறைக்குப் பக்கத்து அறைக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. பகல் இரண்டு மணி. உள்ளே யாரோ நடக்கும் சத்தம். அவன் தங்கை வசந்தா. எனக்குத் தெரியும். நான் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஆறு நெம்புகோல் வைத்த பூட்டு, உள்ளூர்த் தயாரிப்பு, எளிது. "இதெல்லாம் ரெண்டு நிமிஷம்டா" என்றேன். அவன் சிரித்தான். உள்ளே நடக்கும் சத்தம் நின்றது. அவள் கேட்டிருக்கிறாள். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து உன்னை அவனுக்குக் கொடுத்தேன். பூட்டையும் சேர்த்து.

அவன் முகத்தைப் பார்க்க முடியாது என்பதல்ல காரணம். அவன் என் முகத்தைப் பார்த்து, "ஒனக்குத்தான் அப்பவே தெரியுமேடா" என்று சொல்வான். அதைக் கேட்க முடியாது. அவ்வளவுதான் நான்.

தகடு விஷயம் யோசித்தேன். மேலே ஒரு சாண் இடைவெளி என்றாயே. நீளமான கம்பியின் நுனியில் சின்னக் கண்ணாடி கட்டினால் மேலிருந்தே பூட்டைப் பார்க்க முடியும். பட்டையை இரண்டு அடி நீளத்துக்கு

இந்த வரிகளைக் கோடிட்டு அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியட்டும்.

ஏழாம் தேதி.

சூசை


பிரசவ வார்டு, படுக்கை 14
25 ஆகஸ்டு 1981

அண்ணனுக்கு,

உன் கடிதத்தைச் சின்னப்பொண்ணு அக்கா கீரைக்கூடையில் வைத்து இங்கே கொண்டுவந்தார்.

வலி இருபத்தோராம் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால். மூன்று வாரம் முன்னதாக. முதலில் பனிக்குடம் உடைந்தது. தகட்டைத் தட்டினேன். அது மணிபோலச் சத்தம் போட்டது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டில் ரேடியோவை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. யாரும் வரவில்லை.

"அக்கா, மேட்டுப்பாளையம் போகாதீங்க, நேரம் இல்லை" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் தெருவில் எந்தச் சத்தமும் இல்லை. அவரும் உள்ளே போய்விட்டார் என்று நினைத்தேன். தரையில் படுத்துவிட்டேன்.

பிறகு கதவு அதிர்ந்தது.

கடப்பாரை. வேலி போடுகிற எவரிடமோ வாங்கிவந்திருக்கிறார். பூட்டை அடிக்கவில்லை. நிலையில் நாதாங்கி பதிந்திருக்கும் இடத்தில் கடப்பாரையை விட்டு நெம்பினார். எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்து, "ஏ கெழவி, ஊரான் வூட்டுக் கதவ இன்னா பண்ற? தேவதாஸ் வந்தா கொன்னுடுவான்" என்றார். "வரட்டும். வந்து கொல்லட்டும். நீ நவுரு" என்றார் அக்கா. நாலாவது நெம்பில் மரம் பிளந்தது. நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பூட்டியபடியே நாதாங்கியோடு பிய்ந்து வந்து வாசலில் கிடந்தது. அக்கா அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

நான் அந்தப் பூட்டோடு எத்தனை நாள் இருந்தேன் என்று ரிக்‌ஷாவில் வரும்போது எண்ணினேன். நீயும் நானும் அதைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினோம். நிலை வெறும் வேப்பமரம். அதைப் பற்றி நாம் ஒரு வரி எழுதவில்லை.

அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் மாலையில் வந்தார். படுக்கைக்குக் கீழே உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகவே அழுதார். வார்டில் எல்லாரும், "எவ்ளோ பாசம் பாரு" என்றார்கள். எழுந்து போகும்போது, "நெலைய மாத்திடுறேன், இரும்புல" என்றார்.

வசந்தா பற்றி எழுதியிருந்தாய். அவள் இப்போது எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று உன் கடிதத்தில் தேடினேன். ஆறு நெம்புகோல் என்று மட்டும் இருந்தது.

நீ உண்மையைச் சொன்னாய். அதற்காக உன்னை வெறுக்க முடியவில்லை. முயற்சி செய்தேன்.

இங்கிருந்து அனுப்பும் முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள்: அழைத்துப் போகிறவர் பெயர், உறவு. நர்ஸ் பேனாவோடு நின்றாள். கணவர் பெயர் அட்டையில் இருக்கிறதே, அதையே எழுதிவிடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். அண்ணன் இருக்கிறாரா என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தேன். சின்னப்பொண்ணு என்று எழுதச் சொன்னேன். உறவு? அக்கா. நர்ஸ் கீரைக்கூடையையும் என் கழுத்துச் சிலுவையையும் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

அக்கா வீட்டுக்கும் போக முடியாது, அது பக்கத்து வீடு. அக்காவும் இனி அங்கே இருக்க முடியாது. அவருடைய அண்ணி ஒருத்தி வேறு ஊரில் தனியாக இருக்கிறாள். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மூன்று பேரும் அங்கே போகிறோம். எப்படிப் பிழைப்போம் என்று தெரியவில்லை. எனக்கு நிற்கவே இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் தேடி வருவார் என்பது மட்டும் தெரியும். இரவும் பகலும் பயமாக இருக்கிறது.

ஊர் பெயரை உனக்கு எழுத வேண்டும் என்று இரண்டு முறை பேனாவை வைத்தேன். எழுதவில்லை. விலாசம் இருந்தால் நீ அங்கேயும் ஒரு கடிதம் போடுவாய்.

லூர்துசெல்வி